யார் பக்கமும் பேசாத ஒருவர் முன்னால்

கணவன் மனைவி இருவருமாகக் கவுன்சலிங் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அவங்க யார் பக்கம் பேசுவாங்க?" கட்டணம் எவ்வளவு, எத்தனை தடவை போக வேண்டும், வெளியே தெரிந்துவிடுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நாங்கள் கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போய்க் கவுன்சலிங் எடுத்துக்கொள்வது நெருங்கிய சிலருக்குத் தெரியும். அவர்கள் மூலமாக இன்னும் சிலருக்கும் தெரிந்துவிட்டது. போனில், கல்யாண மண்டபத்தில், பள்ளி வாசலில் என்று பல இடங்களில் என்னை இதைக் கேட்டுவிட்டார்கள். கேட்பவர் பெண்ணாக இருந்தால் தன் பக்கம் பேச ஓர் ஆள் கிடைக்கும் என்ற ஆசை அதற்குள் இருக்கும். ஆணாக இருந்தால் "என்னையேதான் குத்தம் சொல்லுவாங்க" என்ற பயம் இருக்கும்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நமக்குப் பழக்கமான ஏற்பாடு பஞ்சாயத்து. சண்டை முற்றிப் பெண் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெரியப்பா, தாய்மாமன், இரண்டு வீட்டுக்கும் வேண்டப்பட்ட ஒரு பெரிய மனிதர் எல்லாரும் கூடத்தில் உட்காருவார்கள். பெண் உள்ளறைக் கதவோரம் நிற்பாள். அவள் சார்பில் அவள் அப்பா பேசுவார். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் குறையைச் சொல்வார்கள். கடைசியில் பெரியவர், "நீ குடிக்கிறதைக் குறைச்சுக்கோ, நீ எதிர்த்துப் பேசறதை நிறுத்து, புள்ளைங்க முகத்தைப் பாருங்க" என்று முடித்து வைப்பார். அன்று சாயந்தரமே பெட்டியோடு அனுப்பிவிடுவார்கள்.

பஞ்சாயத்தை நான் மட்டமாக நினைக்கவில்லை. என் சித்தி ஒருவர் பல வருடம் அடிபடாமல் வாழ்ந்ததற்குக் காரணம், அவருடைய அண்ணன்மார் வந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததுதான். கேட்க ஆள் இருக்கிறது என்ற பயம் சில வீடுகளில் ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தீர்ப்பு என்று ஒன்று சொல்லிவிட்டால் ஒருவர் ஜெயிக்கிறார், ஒருவர் தோற்கிறார். இரண்டு பேரும் அன்று இரவு ஒரே அறையில்தான் படுக்க வேண்டும். பஞ்சாயத்துக்கு அடுத்த படி வக்கீல் ஆபீஸ். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு இடம் இருப்பது எங்கள் பக்கத்தில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிதடி இல்லை, வேறு தொடர்பு எதுவும் இல்லை. இவருக்குச் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் உண்டு, மாமியார் எங்களோடு இருக்கிறார். நாத்தனார் குடும்பத்துக்கு மாதாமாதம் போகும் பணம் பற்றி நான் கேட்பேன். இவர் பதில் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போவார். நான் பின்னாலேயே ஏறிப் போய் மறுபடி கேட்பேன். இவர் பைக்கை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது நான் தூங்குவதுபோல் படுத்திருப்பேன். அப்புறம் பல நாட்களுக்கு எங்களுக்குள் பேச்சுவார்த்தையே இருக்காது. "அப்பாகிட்ட கேஸ் புக் பண்ணச் சொல்லு" என்று பிள்ளைகள் வழியாகத்தான் செய்தி போகும். இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. இதற்கெல்லாமா கவுன்சலிங் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குத்தான். வீடு இரண்டாகப் பிளந்த பிறகு போனால், பேசுவதற்கு இருவரில் ஒருவருக்காவது மனசு இருக்காது.

கவுன்சலிங் பேச்சை எடுத்தபோது இவர் கேட்டது, "என்னைத் திருத்தறதுக்குக் கூட்டிட்டுப் போறியா?" நான் சொன்னேன்: "நம்ம ரெண்டு பேருக்கும் பேசத் தெரியலங்க. யாராவது சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்." "ஒரு தடவை வர்றேன்" என்றார். அது போதும். ஒருவர் ஆசையோடும் ஒருவர் அரை மனசோடும் வருவது அந்த அறைக்குப் புதிதில்லை. எத்தனையோ தம்பதிகள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கணவர் வரவே மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் தனியாகப் போகலாம். சண்டையில் உங்கள் பங்கு எப்படி ஓடுகிறது என்பதையாவது பார்க்க முடியும்.

மாமியாரிடம் மறைக்க வேண்டாம் என்று இவர்தான் முடிவெடுத்தார். "நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசறதுக்குப் போறோம்மா" என்றார். "அதுக்கு எதுக்குடா பாண்டிக்குப் போகணும், வீட்ல பேச எடமில்லையா?" என்று கேட்டார் அத்தை. எங்களுடையது இரண்டு அறை வீடு. ஓர் அறையில் அத்தையும் பிள்ளைகளும், இன்னொன்றில் நாங்கள், நடுவில் மேலே திறந்த தடுப்புச் சுவர். குரலைத் தாழ்த்திப் பேசியே பழகியிருந்தோம். தாழ்த்திப் பேச முடியாத விஷயங்களைப் பேசாமலேயே விட்டிருந்தோம். அத்தை கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில், இல்லை என்பதுதான்.

கடலூரில் ஆள் கிடைக்காது என்று பாண்டிக்குப் போகவில்லை. மஞ்சக்குப்பத்தில் நான் எந்த மாடிப்படி ஏறினாலும் கீழே என் மாணவர் ஒருவரின் அம்மா நின்றுகொண்டிருப்பார். ரெட்டிச்சாவடியைத் தாண்டிவிட்டால் நான் யாருக்கும் டீச்சர் இல்லை. அந்தச் சின்ன விடுதலை இவருக்கும் வேண்டியிருந்தது. வீட்டில் தனி அறையும் நல்ல இணைய வசதியும் இருந்தால் வீடியோவிலேயே செஷன் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த அறைதான் இல்லை.

யாரிடம் போவது என்பதில் குழப்பம் அதிகம். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். அவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கவுன்சலர் என்ற பெயரை மட்டும் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதி மாட்டிக்கொள்ளும் நிலை இருக்கிறது. அவர்களிலும் முறையாகப் படித்த, அருமையானவர்கள் இருக்கிறார்கள். சில வாரச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் என்ன படித்தீர்கள் என்பதோடு, தம்பதிகளைச் சேர்த்து வைத்துப் பேசுவதில் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். தனி ஒருவருக்குக் கவுன்சலிங் செய்வது ஒரு வேலை. இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும்போது இருவருடைய நம்பிக்கையையும் இழக்காமல் நடத்துவது வேறு வேலை. நாங்கள் முதலில் ஒருவரைப் பார்த்தோம். அவர் எங்கள் இருவருக்கும் விட்டுக்கொடுத்தலைப் பற்றி நீளமாக அறிவுரை சொல்லி அனுப்பினார். அது பெரியப்பாவே சொல்லக்கூடியது. அங்கே மறுபடி போகவில்லை.

செலவுக்கு வழி இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பாண்டியில் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது, அதனால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் விசாரிக்கலாம். அங்கெல்லாம் கூட்டம் அதிகம், தம்பதிகளுக்கென்று நீண்ட நேரம் கிடைப்பது கஷ்டம். ஆனால் சரியான ஆளிடம் அனுப்பி வைப்பார்கள். நடு ராத்திரியில் மனசு உடைந்து உட்கார்ந்திருந்தால் 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை.

சரி, முதல் நாள். உள்ளே போனதும் யாரும் "என்ன பிரச்சினை?" என்று கேட்டுவிடமாட்டார்கள். எங்கள் இருவர் கையிலும் தனித்தனிப் படிவங்களைக் கொடுத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் நிரப்பச் சொன்னார்கள். தூக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா, சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா, வீட்டில் யாராவது அடிப்பதுண்டா, இந்தத் திருமணத்தில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறீர்கள் என்று கேள்விகள். இவர் அந்தக் கடைசிக் கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து ரகசியம் பற்றிப் பேசினார் கவுன்சலர். மனநலச் சிகிச்சை பெறுகிறவரின் விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. கவுன்சலிங் தொழிலின் ஒழுக்கமும் அதுதான். விதிவிலக்குகளையும் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால் அவர் வாய் மூடி இருக்க முடியாது. கடைசியாகச் சொன்னதைப் போலீசுக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம்.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கேட்டே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கணவரிடம் தனியாகப் பேசும்போது அவர் ஒரு ரகசியத்தைச் சொன்னால் அதைக் கவுன்சலர் என்ன செய்வார்? சிலர், "எனக்குத் தெரிந்தது உங்கள் இருவருக்கும் தெரிய வேண்டும், அதனால் மறைக்கச் சொல்லி எதையும் என்னிடம் சொல்லாதீர்கள்" என்பார்கள். சிலர் அந்த ரகசியத்தைத் தங்களோடு வைத்துக்கொண்டு, அவராகவே வெளியே சொல்ல உதவுவார்கள். இரண்டும் நடைமுறையில் இருக்கிறது. எந்த விதி என்பது முதல் நாளே இருவருக்கும் தெரிந்திருந்தால், பின்னால் "நீங்களும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்க" என்ற பேச்சு வராது.

அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி எங்களைத் தூக்கிவாரிப்போட்டது. "உங்க கல்யாணம் எப்படி நடந்தது, சொல்லுங்க." நான் நாத்தனார் பணத்தைப் பற்றிப் பேசத் தயாராகப் போயிருந்தேன். தேதி வாரியாக மனசில் அடுக்கி வைத்திருந்தேன். இவர் என்ன குற்றச்சாட்டு வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டதோ பெண் பார்த்த கதையை, முகூர்த்த நாளை.

எங்கள் கல்யாணம் திருவந்திபுரத்தில். கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தேவநாதசுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள மலையில், நல்ல முகூர்த்த நாள் என்றால் ஒரே காலையில் வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும். மாலையும் கழுத்துமாக எத்தனையோ ஜோடிகள் படியில் ஏறுவார்கள், இறங்குவார்கள். நம் சொந்தக்காரர் யார், அடுத்த வீட்டுச் சொந்தக்காரர் யார் என்று தெரியாத அளவுக்கு நெரிசல். இவர் அந்த நாளைச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர் நிறுத்தாமல் சொன்னார். நான் முந்தின ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்ததாம். மயங்கி விழுந்துவிடுவேன் என்று பயந்து, தாலி கட்டி இறங்கியதும் தன் தம்பியை அனுப்பி டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னாராம். அந்த டீ எனக்கு நினைவிருக்கிறது. என் பிறந்த வீட்டு அத்தை வாங்கிக் கொடுத்தது என்றே அதுவரை நினைத்திருந்தேன். கொண்டுவந்து நீட்டியது அந்த அத்தைதான். அனுப்பியது இவர் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இவரும் சொன்னதில்லை.

இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகள் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்துக் கவனித்தவர். தங்கள் பழைய கதையை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை அவர் முக்கியமாகப் பார்த்தார். கதையில் வாஞ்சை இருக்கிறதா, கசப்பு மட்டும் இருக்கிறதா, "நாங்க" என்று வருகிறதா, "நான்" என்றே வருகிறதா என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். எந்த வீட்டுச் சண்டையிலும் வெளியே வராத விஷயங்கள் அந்தக் கதையில்தான் வரும்.

அன்று பணத்தைப் பற்றியும் பேசினோம். நான் ஆரம்பித்ததும் கவுன்சலர், "என்கிட்ட சொல்லாதீங்க, அவரைப் பார்த்துச் சொல்லுங்க" என்று நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து, டிவி இல்லாமல், போன் இல்லாமல், அடுப்பில் எதுவும் இல்லாமல், கணவரின் கண்ணைப் பார்த்துக் கடைசியாக எப்போது பேசினோம் என்று எனக்கு நினைவுக்கே வரவில்லை. நாலு வாக்கியம் பேசுவதற்குள் அவர் "ஒரு நிமிஷம்" என்று நிறுத்தினார். இவர் பேசும்போதும் நிறுத்தினார். நிறுத்தியபோது எனக்குக் கோபம் வந்தது. முழுசாகச் சொல்ல விடாமல் இது என்ன கவுன்சலிங் என்று தோன்றியது. முழுசாகச் சொல்லவிட்டால் அது எங்கள் வீட்டுச் சண்டையாகவே ஓடி முடிந்திருக்கும் என்பது பிறகு தெரிந்தது. எந்த வார்த்தையில் இவர் முகம் மாறுகிறது, எங்கே என் குரல் ஏறுகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது எதுவும் தீர்ந்திருக்காது. இதை எல்லாரிடமும் அழுத்திச் சொல்கிறேன். முதல் நாள் முடிந்ததும் பலருக்கு ஏமாற்றம்தான் இருக்கும், சிலருக்கு முன்னைவிட மோசமாகக்கூட இருக்கும். வருடக்கணக்கில் மூடி வைத்ததைத் திறந்தால் வலிக்கும். அன்று ராத்திரி அறையில் பேசியதைப் பற்றி மறுபடி பேச வேண்டாம் என்று கவுன்சலர் கேட்டுக்கொண்டார். அரியாங்குப்பம் தாண்டும்வரை நானும் இவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தவளக்குப்பத்தில் இவர் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

அடுத்தது தனித்தனி செஷன். எல்லாரும் இப்படிச் செய்வதில்லை, ஆனால் முறையாகப் பயின்ற பலர் செய்கிறார்கள். ஒன்றாக ஒரு முறை, தனியாக ஒவ்வொருவரையும் ஒரு முறை, அப்புறம் இருவரையும் சேர்த்து வைத்துத் தான் கவனித்ததைச் சொல்வது என்று நாலு சந்திப்பில் நிலவரத்தைப் புரிந்துகொள்வார்கள். சிகிச்சை அதற்குப் பிறகுதான் தொடங்கும். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் சியாட்டிலைச் சேர்ந்த நீல் ஜேக்கப்சனும் உருவாக்கிய தம்பதி சிகிச்சை முறையில் இந்த வரிசைதான்.

தனியாகப் பேசும்போது கவுன்சலர் என்னிடம் நேராகக் கேட்டார்: "உங்களுக்கு இவர்கிட்ட பயமா இருக்கா?" எனக்கு இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றாக உட்காரும் கவுன்சலிங் சரியான இடமில்லை. அந்த அறையில் அவள் வாய் திறந்து சொன்னதற்கு வீட்டில் அடி விழும். நல்ல கவுன்சலர் இதைத் தெரிந்துகொள்ளத்தான் தனியாகப் பேசுகிறார். பயம் இருந்தால் சேர்ந்த செஷனை நிறுத்திவிட்டு முதலில் அவளுடைய பாதுகாப்பைப் பார்ப்பார். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. "ரெண்டு பேரும் சேர்ந்து கவுன்சலிங் போங்க, சரியாயிடும்" என்று அடிபடுகிற பெண்ணிடம் யாராவது சொன்னால், தயவு செய்து அதைக் கேட்காதீர்கள். அடிப்பது இருவருக்கும் பொதுவான பிரச்சினை இல்லை. அது அடிப்பவருடையது.

குடியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து, பாண்டி எல்லையில் மதுக்கடைகள் இருக்கும் முள்ளோடை எவ்வளவு தூரம் என்று எல்லா மனைவிமாருக்கும் தெரியும். வாரத்தில் ஒரு நாள் நண்பர்களோடு என்று தொடங்கியது தினசரியாகிவிட்ட வீடுகள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. தினமும் குடிக்கிறவரைப் பேச்சால் மட்டும் நிறுத்த முடியாது. அவருக்குக் குடிநோய்ச் சிகிச்சை வேண்டும். நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், அதனால் மருத்துவர் மேற்பார்வை வேண்டும். "சாமி மேல சத்தியம் பண்ணு" என்று நிறுத்த வைப்பது சில நேரம் ஆபத்தில் முடியும். கவுன்சலர் இதைக் கண்டுபிடித்தால் முதலில் அங்கேதான் அனுப்புவார்.

தாம்பத்தியத்தைப் பற்றியும் கேட்பார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை இருமும் வீட்டில் பத்து வருடம் வாழ்ந்தவளுக்கு இதை வாய்விட்டுச் சொல்லப் பழக்கமே இல்லை. கவுன்சலர் சாதாரணமாக, ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்டார். சர்க்கரை நோயும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் ஆண்களுக்கு இந்த விஷயத்தில் சிரமம் கொடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மனைவி தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வாள், கணவர் அவமானத்தில் முகம் திருப்பிப் படுப்பார். மருந்தை மாற்றினாலே சரியாகக்கூடியது வருடக்கணக்கில் மனஸ்தாபமாக ஓடும்.

இனி எங்களுக்கு எல்லாம் மாறிய செஷனைப் பற்றிச் சொல்கிறேன். இருவரையும் உட்கார வைத்து, அவர் ஒரு தாளில் வட்டம் போட்டார். ஒரு பக்கம் நான் கேட்பது. அடுத்து இவர் மாடிக்குப் போவது. அடுத்து நான் பின்னால் போவது. அடுத்து இவர் பைக். இவர் விலகும்போது எனக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார். "என்னை ஒரு ஆளாவே மதிக்கலைன்னு தோணும்" என்றேன். நான் கேட்கும்போது இவருக்குள் என்ன என்று கேட்டார். இவர் ரொம்ப நேரம் கழித்து, "எது சொன்னாலும் தப்பாயிடும், எங்க அம்மாவுக்கும் கேட்டுடும்னு பயமா இருக்கும்" என்றார். மாடிக்குப் போகிறவர் திமிரோடு போகிறார் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்து போகிறார் என்று அன்று இவர் வாயாலேயே கேட்டேன்.

இவர் கேட்டார்: "அப்போ யார் மேல தப்பு மேடம்?" பஞ்சாயத்தில் பெரியவரிடம் கேட்கும் அதே கேள்வி. அவர் சொன்னார்: "இது எங்க ஆரம்பிக்குதுன்னு நீங்க ரெண்டு பேரும் வேற வேற இடத்தைக் காட்டுறீங்க. எனக்கு ஆரம்பம் தெரியல. சுத்துறது மட்டும்தான் தெரியுது." அந்த வட்டத்தை எப்படி நிறுத்துவது என்பதுதான் தன் வேலை என்றும், யார் சரி என்று சொல்வது தன் வேலை இல்லை என்றும் சொன்னார். ஜெயிக்க வேண்டும் என்று நான் கொண்டுவந்த ஆசை அங்கே போயிற்று. தோற்றுவிடுவோம் என்று இவர் கொண்டுவந்த பயமும் போயிற்று. அப்போதுதான் இவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஒருவர் துரத்த ஒருவர் விலகும் இந்தச் சுற்று உலகத்தில் எங்கும் இருக்கிறது. கிறிஸ்டென்சன் அதை ஆராய்ந்திருக்கிறார். சூ ஜான்சன் என்ற கனடா உளவியலாளர் 1980-களில் லெஸ்லி கிரீன்பெர்க்கோடு சேர்ந்து உருவாக்கிய சிகிச்சை முறையே இந்தச் சுற்றுக்கு அடியில் இருக்கும் பயத்தை வெளியே கொண்டுவருவதுதான். குழந்தை தாயிடம் தேடும் அதே பாதுகாப்பைப் பெரியவர்களும் தங்கள் துணையிடம் தேடுகிறார்கள் என்பது அவர் நிலைப்பாடு. எங்கள் வீட்டைப் பார்த்தபின் அதை நம்புகிறேன்.

காட்மனுடைய ஆய்விலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் கிடைத்தது. சண்டையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் மனிதனுக்குக் காது கேட்டாலும் மண்டையில் ஏறாது. அடங்க 20 நிமிடமாவது வேண்டும். அதனால் இவர் மாடிக்குப் போகலாம். போகும்போது "அரை மணி நேரத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி திரும்பி வர வேண்டும். நான் பின்னால் போகக் கூடாது. முதல் தடவை அந்த அரை மணி நேரம் எனக்கு நரகமாக இருந்தது. வருவாரா என்று படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். நாலைந்து முறை அப்படி வந்த பிறகு எனக்குப் பின்னால் போகத் தோன்றவில்லை.

எந்தப் பேச்சை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லித் தருவார்கள். காட்மன் கணக்கில் திருமணத்தை அதிகமாக அரிப்பது இளக்காரம். நம் வீடுகளில் அதற்கு ஒரு நிரந்தர வாக்கியம் இருக்கிறது: "உங்க குடும்பமே இப்படித்தான்." அந்த ஒரு வாக்கியத்தில் அவர் அம்மா, அப்பா, வளர்ந்த வீடு எல்லாம் அடிபடும். பணத்தைப் பற்றிய சண்டை அதோடு முடிந்து பரம்பரைச் சண்டை ஆரம்பிக்கும். இதை நிறுத்துவது எனக்குக் கஷ்டமாக இருந்தது, இவருக்கும்தான்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்கிறார்கள். சூ ஜான்சன் முறையில் பொதுவாக 8 முதல் 20 செஷன் என்கிறார்கள். கிறிஸ்டென்சன் குழு 134 தம்பதிகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வில் 26 வரை கொடுத்தார்கள். எல்லாரும் கடுமையாக, நீண்ட நாளாகச் சண்டையில் இருந்தவர்கள். சிகிச்சை முடிந்து ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறையப் பாதிப் பேர் நன்றாக இருந்தார்கள். கால்வாசிப் பேர் பிரிந்திருந்தார்கள். இந்தக் கணக்கை நான் மறைக்க விரும்பவில்லை. உத்தரவாதம் கொடுக்கிற கவுன்சலரிடம் போகாதீர்கள். சில தம்பதிகளுக்கு அந்த அறையில்தான் பிரிவது என்று தெளிவாகிறது. பிள்ளைகளை நடுவில் இழுக்காமல் பிரிய அது உதவினால் அதுவும் நல்லதுதான்.

குடும்ப நீதிமன்றத்தில் அனுப்பும் கவுன்சலிங் இதுவல்ல. 1984 குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, வழக்கு போட்டவர்களைச் சமரசம் செய்ய நீதிமன்றம் முயற்சி எடுக்க வேண்டும். அதற்காக அங்கே கவுன்சலர்கள் இருக்கிறார்கள். வழக்கு எண்ணோடு, வக்கீல் வெளியே காத்திருக்க, சேருவதா பிரிவதா என்ற ஒரே கேள்வியோடு நடப்பது அது. அங்கே போய் வந்தவர்கள் "கவுன்சலிங்லாம் வேஸ்ட்" என்று சொல்லும்போது நான் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பார்க்கிறேன்.

போனில் நேரம் கேட்கும்போதே சிலவற்றை விசாரித்துவிடுங்கள். இருவருமாக வந்தால் கட்டணம் தனியாள் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கலாம், நேரமும் ஒரு மணிக்கு மேல் போகலாம். ஷிப்ட் மாறும் வாரத்தில் தேதி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பேச்சு தமிழிலேயே நடக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். கோபத்தையும் அழுகையையும் இங்கிலீஷில் தேடிக்கொண்டிருந்தால் பாதி நேரம் போய்விடும். நாலைந்து செஷன் முடிந்தும் ஒருவர் பக்கமே பேச்சு சாய்வதாகத் தோன்றினால் அவரிடமே சொல்லுங்கள். நல்லவர் அதைக் காது கொடுத்துக் கேட்பார். கேட்காவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

நாங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம், இப்போது இடைவெளி விட்டு. நாத்தனாருக்குப் போகும் பணம் நின்றுவிட்டதா என்று கேட்டால், நிற்கவில்லை. தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் தீராமலேயே கூட வருபவை என்று காட்மன் சொல்கிறார். இது அந்த வகை. எவ்வளவு அனுப்புகிறோம் என்பது இப்போது எனக்கு முன்கூட்டியே தெரிகிறது, மாதத் தொடக்கத்தில் இருவருமாக உட்கார்ந்து எழுதி வைக்கிறோம். இந்தத் தீபாவளி போனஸில் நாத்தனார் மகளின் காலேஜ் பீஸுக்கு ஒரு பங்கு தர வேண்டும் என்கிறார் இவர். வீட்டில் இன்னோர் அறை கட்ட வேண்டும் என்கிறேன் நான். நேற்று அரை மணி நேரம் பேசினோம், முடியவில்லை. இவர் மாடிக்குப் போய்விட்டு வந்து, அடுத்த செஷனில் இதையே எடுத்துப் பேசலாம் என்றார்.